ஸ்ட்ரைப்பரின் 'அகெய்ன்ஸ்ட் த லா': இசை முரடானதும் விசுவாச வரிகள் மறைந்ததும் ஒரே காரியமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். கிறிஸ்தவ மெட்டல் இசைக்குழுவான ஸ்ட்ரைப்பர் 1990-இல் வெளியிட்ட 'அகெய்ன்ஸ்ட் த லா' ஆல்பத்தில் திடீரென்று முரட்டு ஹார்ட் ராக் பக்கம் போனார்களே, அது விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனதன் அடையாளமா, இல்லை இசையில் வளர்ந்ததா என்பது முதல் கேள்வி. புதிதாகக் கேட்கிறவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம் என்பது இரண்டாவது. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், முதல் கேள்விக்குத்தான் நிறைய பேச வேண்டியிருக்கிறது.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990-இல் ஸ்ட்ரைப்பர் இரண்டு தனித்தனி முடிவுகளை ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒன்று, இசையைக் கடினமாக்குவது. இன்னொன்று, பாட்டு வரிகளிலிருந்து தேவனை எடுத்துவிடுவது. முதல் முடிவு மிகச் சரியானது, அவசியமானதும்கூட. இரண்டாவதுதான் அவர்களைக் கவிழ்த்தது. ஆனால் இரண்டும் ஒரே ஆல்பத்தில், ஒரே உடை மாற்றத்தோடு, ஒரே நாளில் வந்ததால் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, 'சத்தம் முரடாச்சு, அதனால் விசுவாசம் போச்சு' என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த முடிவு தவறு என்பதற்குச் சாட்சி வேறு எங்கும் தேட வேண்டாம், இதே குழு 2013-க்குப் பிறகு செய்த ஆல்பங்களே போதும்.

கொஞ்சம் பின்னால் போகலாம், ஏனென்றால் எங்கிருந்து மாறினார்கள் என்று தெரியாமல் மாறியதைப் புரிந்துகொள்ள முடியாது.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் இருந்து வந்தவர்கள் இவர்கள். மைக்கேல் ஸ்வீட் பாடகர், கிட்டாரும் வாசிப்பார். அவருடைய அண்ணன் ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸ். இன்னொரு கிட்டார் ஆஸ் ஃபாக்ஸ், பேஸ் டிம் கெயின்ஸ். முதலில் ராக்ஸ் ரெஜீம் என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், அப்புறம்தான் தங்கள் இசையை முழுக்க ஊழியமாக ஆக்கிக்கொண்டு ஸ்ட்ரைப்பர் என்று பெயரை மாற்றினார்கள். பெயருக்கு ஆதாரம் ஏசாயா 53:5, 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனம். அந்த வசன எண் அவர்களுடைய சின்னத்தின் அடியிலேயே இருக்கும். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடை, கோடு போட்ட கிட்டார், கோடு போட்ட டிரம் செட். மேடையிலிருந்து ரசிகர்களை நோக்கிப் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசுவார்கள். ராபர்ட் தன் டிரம் செட்டைப் பார்வையாளர்களுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்வார், கை கால் அசைவு எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று. எண்பதுகளில் அந்த ஊர் கிளப்புகளில் மற்ற குழுக்கள் பாடிக்கொண்டிருந்த விஷயங்களை நினைத்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுவே இயேசுவின் பெயரைச் சத்தமாகச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று புரியும்.

இதில் மனசை உறுத்துகிற ஒரு சங்கதி உண்டு. ஸ்வீட் குடும்பம் எழுபதுகளின் நடுவில் இரட்சிக்கப்பட்டது ஜிம்மி ஸ்வாகர்ட்டின் தொலைக்காட்சிப் பிரசங்கத்தைப் பார்த்துத்தான். அதே ஸ்வாகர்ட், எண்பதுகளில் கிறிஸ்தவ ராக் இசையையே பிசாசின் வேலை என்கிற தொனியில் வெளிப்படையாகக் கண்டித்தார், ஸ்ட்ரைப்பரும் அதில் தப்பவில்லை. ஆக, குழு மிகத் தெளிவாக இயேசுவைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்த வருஷங்களிலேயே சபைக்குள்ளிருந்து அடி விழுந்துகொண்டிருந்தது. மெட்டல் ரசிகர்கள் ஒரு பக்கம் 'பைபிள் வீசுகிற கும்பல்' என்று கேலி செய்தார்கள், போதகர்கள் இன்னொரு பக்கம் 'உலகத்தின் வேஷம்' என்றார்கள். ஏழெட்டு வருஷம் இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் 1990-இல் எடுத்த முடிவைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

இசைக்கு வருகிறேன். 1984-இல் 'தி எல்லோ அண்ட் பிளாக் அட்டாக்', 1985-இல் 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்'. இரண்டாவதைத் தயாரித்தவர்களில் ஒருவர் மைக்கேல் வாகனர், டோக்கன், அக்செப்ட் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கிட்டாரின் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் மேல் லேசாக அமுக்கி வைத்துக்கொண்டு, தாழ்ந்த கம்பியைப் படபடவென்று அடிக்கும் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு). அதற்கு மேல் மைக்கேல் ஸ்வீட்டும் ஆஸ் ஃபாக்ஸும் ஒரே மெட்டை ஆளுக்கு ஒரு சுரம் தள்ளி ஜோடியாக வாசிக்கும் சோலோக்கள். அதற்கும் மேல் கோயில் பாடகர் குழுவைப் போல அடுக்கடுக்காக ஏறும் குரல்கள். இது சந்தேகமே இல்லாமல் மெட்டல். ஐயன் மெய்டன், ஜூடாஸ் ப்ரீஸ்ட் கேட்டு வளர்ந்த பையன்களின் கை அது என்று தெரியும்.

1986-இல் 'டு ஹெல் வித் த டெவில்' வந்தது, அதுதான் அவர்களைப் பெரிய ஆளாக்கியது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிப் பிளாட்டினம் ஆனது. 'ஹானஸ்ட்லி' என்ற மெதுவான பாட்டு அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளுக்கான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23-ஆம் இடம் வரை போனது. எம்டிவியில் ஓயாமல் ஓடியது. இயேசுவைப் பற்றிப் பாடும் ஒரு மெட்டல் குழுவுக்கு இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை.

பிரச்சினை அங்கேதான் முளைத்தது. 'ஹானஸ்ட்லி' ஜெயித்ததும் 1988-இல் வந்த 'இன் காட் வி டிரஸ்ட்' ஆல்பம் முழுக்க அந்தப் பாட்டின் நிழலில் செய்ததாக ஆகிவிட்டது. தலைப்புப் பாட்டில் இன்னும் நெருப்பு இருக்கிறது, 'தி ரைட்டிங்ஸ் ஆன் த வால்' மாதிரி இரண்டு மூன்று பாட்டுகளில் ரிஃப் இருக்கிறது, ஆனால் 'ஆல்வேஸ் தேர் ஃபார் யூ' வந்தவுடன் கீபோர்டு மினுமினுப்பு முன்னால் வந்து கிட்டார் பின்னால் போய்விடுகிறது. எல்லாம் பளபளவென்று தேய்த்துக் கழுவிய சத்தம். டிரம்ஸில் ஒரு தோல் அதிர்வது கேட்காது, எதிரொலிதான் கேட்கும். மெட்டல் ரசிகர்கள் 'இது பாப்' என்று முகம் சுளித்தார்கள். விற்பனை மோசமில்லை, ஐந்து லட்சம் தாண்டிக் கோல்டு ஆனது. ஆனால் முந்தைய ஆல்பத்தின் உயரம் இல்லை, சிங்கிள்களும் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட பாட்டுகள்) ஹாட் 100-இல் கீழேயே நின்றுவிட்டன. நான் அந்த ஆல்பத்தை வெறுப்பவன் இல்லை, ஆனால் அதைக் கேட்கும்போது வாசிப்பவர்களின் கை கட்டப்பட்டிருப்பது போலவே எனக்குப் படுகிறது.

எனவே 1990-இல் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி நியாயமானது. இன்னும் மெழுகு பூசிக்கொண்டே போவதா, இல்லை கிட்டாரை மறுபடியும் முன்னால் கொண்டுவருவதா?

தயாரிப்பாளராக டாம் வெர்மனைக் கூப்பிட்டார்கள். இந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சீப் ட்ரிக்கின் பழைய ஆல்பங்கள், மாட்லி க்ரூவின் 'ஷவுட் அட் த டெவில்' தொடங்கி மூன்று ஆல்பங்கள், ட்விஸ்டட் சிஸ்டரின் 'ஸ்டே ஹங்க்ரி', பாய்சனின் இரண்டாவது ஆல்பம் எல்லாம் அவர் தயாரித்தவை. அமெரிக்க ஹார்ட் ராக் ரேடியோவில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரிந்த ஆள். அவர் கைக்கு வந்ததும் ஸ்ட்ரைப்பரின் சத்தம் உலர்ந்தது. எதிரொலி குறைந்தது, கீபோர்டு ஒதுங்கியது, டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கிற மாதிரி கிட்டத்தில் வந்தது, அடுக்குக் குரல்கள் மெலிந்து மைக்கேலின் தனிக்குரல் கொஞ்சம் கரகரப்போடு நடுவில் நின்றது. உச்சத்தில் போய்க் கத்துவது முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் எல்லாப் பாட்டிலும் அதையே நம்பி இருக்கவில்லை.

ரிஃப்களும் மாறின. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஹார்ட் ராக்குக்குப் போனார்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள், என்ன மாறியது என்று சொல்வதில்லை. எண்பதுகளின் மெட்டல் ரிஃப் பெரும்பாலும் நேர்க்கோட்டில் ஓடும், அடிகளுக்கு நடுவே இடைவெளியே இருக்காது, டிரம்ஸும் கிட்டாரும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும். ஹார்ட் ராக் ரிஃப்புக்கு ப்ளூஸ்தான் தாய்வீடு. அதில் ஐந்து சுரங்கள்தான் பிரதானம், நம் ஊரில் சுத்த தன்யாசி தெரிந்தவர்களுக்கு அந்தச் சுரங்கள் சட்டென்று பிடிபடும். கம்பியை இழுத்து வளைத்துச் சுரத்தை அழவைப்பார்கள், ஒரு அடி அடித்துவிட்டு ஒரு இடைவெளி விடுவார்கள், அந்த இடைவெளியில் டிரம்ஸ் பேசும். 'டூ டைம் உமன்' பாட்டில் இந்த நடை நன்றாகத் தெரியும், தலையை ஆட்டுவதைவிட இடுப்பை ஆட்டத் தோன்றும் தாளம். 'காட் இன் த மிடில்' (Caught in the Middle) இன்னும் கனம். கடைசிப் பாட்டான 'ராக் த ஹெல் அவுட் ஆஃப் யூ' வேகத்திலும் சரி மூர்க்கத்திலும் சரி, 'இன் காட் வி டிரஸ்ட்' ஆல்பத்தில் இருக்கும் எதையும் ஓரம் கட்டிவிடும். இடையில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் 'ஷைனிங் ஸ்டார்' பாட்டையும் எடுத்து வாசித்தார்கள். ஃபங்க் பாட்டு அது, ஆடவைக்கும் தாளத்தை முன்னால் வைக்கும் இசை. மஞ்சள் கறுப்புக் காலத்து ஸ்ட்ரைப்பர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் பிடிக்காது, எனக்கும் அதைத் தலைமைப் பாட்டாக வெளியில் அனுப்பியது தவறான தேர்வு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் கை எவ்வளவு இளகியிருந்தது என்று அதில் கேட்கலாம்.

ஆக இசைக்கலைஞர்களாக அவர்கள் வாசித்ததில் மிகச் சிறந்தது 'அகெய்ன்ஸ்ட் த லா'வில்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன். முக்கியமாக ராபர்ட்டின் டிரம்ஸும், இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாசிப்பதும்.

இப்போது அடுத்த முடிவு. மஞ்சள் கறுப்புக் கோடுகள் போய் கறுப்புத் தோல் உடை வந்தது. சின்னத்தின் அடியில் இருந்த ஏசாயா 53:5 காணாமல் போனது. பாட்டு வரிகளில் காதல், உறவு, ராக் இசையின் கொண்டாட்டம், தங்களைக் குறை சொல்பவர்களுக்குப் பதில், இப்படிப் பொதுவான விஷயங்கள் வந்தன. முந்தைய ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு இருந்த வெளிப்படையான சாட்சி இதில் இல்லை. 'ஆல் ஃபார் ஒன்' போன்ற பாட்டில் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார்கள், தீய வரி என்று ஒன்றுமே இல்லை, ஒரு கிறிஸ்தவன் காதலைப் பற்றிப் பாடக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு வருஷமாக மேடையிலிருந்து வேத புத்தகம் வீசியவர்கள், ஒரு நாள் அதைப் பற்றிப் பேசாமல் நின்றால் அந்த மௌனமே பெரிய பேச்சாகிவிடும். அதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

விளைவு என்ன? சில கிறிஸ்தவக் கடைகள் ஆல்பத்தை வைக்கவே மறுத்தன. பழைய ரசிகர்கள் பலர் துரோகமாக நினைத்தார்கள். மறுபக்கம், புதிதாக வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்த பொதுவான ராக் ரசிகர்களோ அப்படி ஒன்றும் வரவில்லை, அவர்களுக்கு ஸ்ட்ரைப்பர் இன்னும் 'அந்தப் பைபிள் குழு'தான். ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 39-ஆம் இடத்தைத் தாண்டவில்லை, விற்பனையும் பழைய அளவுக்கு எட்டவில்லை. அவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்டுவந்த எனிக்மா நிறுவனமும் அந்த நேரத்தில்தான் தள்ளாடிக்கொண்டிருந்தது, 1991-இல் வந்த தொகுப்பு ஆல்பம் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வெளியானது, அதன் பிறகு தோல் உடையும் நீள முடியுமாக நின்ற எந்தக் குழுவுக்கும் ரேடியோவில் இடமில்லை. 1992-இல் மைக்கேல் ஸ்வீட் விலகிப் போனார். கதை அத்தோடு பத்து வருஷத்துக்கு நின்றுவிட்டது.

'பார்த்தீர்களா, தேவனை விட்டார்கள், குழு உடைந்தது' என்று சிலர் இதை ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய ஆவிக்குரிய வாழ்க்கை தளர்ந்திருந்தது என்பதும், குடி உள்ளே வந்திருந்தது என்பதும் உண்மைதான், மைக்கேல் ஸ்வீட்டே பிற்காலத்தில் அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நான் அதை மறைக்க வரவில்லை. ஆனால் இசைச் சந்தையில் நடந்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1991-க்குப் பிறகு அதே பாணியில் இருந்த உலகப்பிரகாரமான குழுக்கள் டஜன் கணக்கில் விழுந்தன, அவர்கள் எந்த விசுவாசத்தை விட்டார்கள்? 'அகெய்ன்ஸ்ட் த லா' மஞ்சள் கறுப்பு உடையிலேயே, வசனத்தோடேயே வந்திருந்தாலும் அதன் விற்பனை ஆயுள் ஒரு வருஷத்தைத் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஸ்ட்ரைப்பர் மட்டும் இப்படி மாறவில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கென்டக்கியின் லூயிவில் நகரத்திலிருந்து வந்த பிரைட் குழு, டேல் தாம்ப்சன், டிராய் தாம்ப்சன் என்ற சகோதரர்களுடையது. எண்பதுகளில் கூர்மையான, வேகமான மெட்டல் செய்துகொண்டிருந்தவர்கள், 1991-இல் 'கைனெட்டிக் ஃபெய்த்', 1992-இல் 'ஸ்னேக்ஸ் இன் த பிளேகிரவுண்ட்' என்று ப்ளூஸ் கலந்த அழுக்கான ஹார்ட் ராக்குக்கு மாறினார்கள். வரிகளில் விசுவாசம் அப்படியே இருந்தது. சபைகளும் கிறிஸ்தவ இசை உலகமும் அவர்களைத் தள்ளவில்லை, உண்மையில் அந்த ஆல்பங்கள்தான் அவர்களுக்கு மரியாதையும் கிறிஸ்தவ இசைக்குக் கொடுக்கும் டவ் விருதுகளும் வாங்கித் தந்தன. அதே வருஷங்கள், அதே திசையில் இசை மாற்றம், ஆனால் வரிகள் மாறவில்லை. கோபம் எதன் மேல் வந்தது என்று இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

இனி ஸ்ட்ரைப்பரின் இரண்டாம் காலம். 2003-இல் மறுபடியும் ஒன்றாக வந்து ஊர் ஊராக வாசித்தார்கள், 2005-இல் 'ரீபார்ன்' ஆல்பம். இது தாழ்ந்த சுருதியில், நவீன மெட்டலின் கனத்தோடு செய்தது, பழைய ஜோடி சோலோக்கள் குறைவு. வரிகள் முழுக்க விசுவாசம். 'இன் காட் வி டிரஸ்ட்' பாட்டையே புது உடம்பில் மறுபடி போட்டார்கள், பழைய மெழுகெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு. அதைக் கேட்டபோதுதான் அந்தப் பாட்டின் எலும்பு எவ்வளவு உறுதியானது என்று எனக்குப் புரிந்தது. 2009-இல் வந்த 'மர்டர் பை பிரைட்' பழைய பாணிக்குப் பாதி திரும்பியது, அதை வேகமாகக் கடந்துவிடலாம், மோசமில்லை, திருப்புமுனையும் இல்லை.

உண்மையான திருப்புமுனை 2011-இல் வந்த 'தி கவரிங்' என்பது என் கணிப்பு. அதில் பெரும்பாலும் பிறர் பாட்டுகள். ஜூடாஸ் ப்ரீஸ்ட், ஐயன் மெய்டன், பிளாக் சபாத், ஸ்கார்பியன்ஸ், யுஎஃப்ஓ, டீப் பர்ப்பிள். தாங்கள் சிறு வயதில் கேட்டு வளர்ந்தது இவைதான் என்று தயக்கமில்லாமல் சொல்லிவிட்டார்கள். சில கிறிஸ்தவ ரசிகர்கள் அதற்கும் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை வாசித்துப் பார்த்தது அவர்கள் கையை மாற்றிவிட்டது, அடுத்து வந்த ஆல்பங்களில் அது கேட்கிறது. 2013-இல் இத்தாலியின் ஃபிரான்டியர்ஸ் நிறுவனத்துக்குப் போனார்கள், அங்கே முதலில் 'செகண்ட் கமிங்' என்று பழைய பாட்டுகளை மறுபடி பதிவு செய்தார்கள். எந்த ஆல்பங்களிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? முதல் மூன்றிலிருந்து மட்டும். 1988 ஆல்பத்திலிருந்தும் இல்லை, 1990 ஆல்பத்திலிருந்தும் இல்லை. தங்கள் அடித்தளம் எது என்று அவர்களே காட்டியது போல இருந்தது.

அதே வருஷக் கடைசியில் 'நோ மோர் ஹெல் டு பே'. 2015-இல் 'ஃபாலன்'. 2018-இல் 'காட் டேம் ஈவில்'. 2020-இல் 'ஈவன் த டெவில் பிலீவ்ஸ்'. 2022-இல் 'தி ஃபைனல் பேட்டில்'. 2024-இல் 'வென் வி வேர் கிங்ஸ்'. வரிசையாக இவற்றைக் கேட்டால் ஒரு விஷயம் நெற்றியில் அடித்தது போலத் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், இருபத்தைந்து வயதில் வாசித்ததைவிடக் கனமாக வாசிக்கிறார்கள், அதே சமயம் வரிகளில் தேவனுடைய பெயரும் வேதமும் முன்னெப்போதையும்விடப் பச்சையாக இருக்கின்றன. 'ஃபாலன்' ஆல்பத்தின் முதல் பாட்டே 'யாவே'. செவன்டஸ்ட் குழுவின் கிளின்ட் லோவரியோடு சேர்ந்து எழுதியது, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும். கூட்டுக்குரல், திடீரென்று மாறும் தாளம், நடுவில் கல் உருளுவது போன்ற ரிஃப், அதற்கு மேல் சிலுவையைப் பற்றிய வரிகள். அதே ஆல்பத்தில் பிளாக் சபாத்தின் 'ஆஃப்டர் ஃபாரெவர்' பாட்டையும் சேர்த்தார்கள், 1971-இல் வந்த அந்தப் பாட்டே தேவனைப் பற்றியதுதான், சபாத்தைப் பேய்க் குழு என்று ஒதுக்குபவர்கள் கவனிக்க மறந்த பாட்டு.

'காட் டேம் ஈவில்' தலைப்பு ஒரு சண்டையைக் கிளப்பியது. தீமையை அழிக்கும்படி தேவனிடம் கேட்கிற ஜெபம் அது என்று மைக்கேல் விளக்கினார், ஆனால் காதில் விழும்போது சாபம் மாதிரி இருக்கிறது என்று பலர் கோபப்பட்டார்கள், வால்மார்ட் கடைகள் அதை விற்க மறுத்தன. தலைப்பு தேவையில்லாத சிக்கல் என்பதுதான் என் எண்ணம், அது இல்லாமலேயே அந்த ஆல்பம் நின்றிருக்கும். அதன் முதல் பாட்டான 'டேக் இட் டு த கிராஸ்'-இல் ஷாடோஸ் ஃபால் குழுவின் மேட் பாச்சண்டை அழைத்து உறுமும் குரலில் பாட வைத்தார்கள். த்ராஷ் என்ற அதிவேக மெட்டலின் வேகம். 1990-இல் 'டூ டைம் உமன்' முரடு என்று கலங்கியவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பாட்டு எதைப் பற்றியது? எல்லாவற்றையும் சிலுவையண்டைக்குக் கொண்டுபோ என்பதைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நாம் பாடுகிற அதே செய்தி.

இதனால்தான் 'சத்தம் முரடானால் ஆவி அணைந்துவிட்டது' என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. நம் சபைகளிலும் இந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் மூத்தவர்கள் முகம் மாறும், அதே வரியைக் கீபோர்டில் மெதுவாக வாசித்தால் 'ஆவிக்குரிய பாட்டு' ஆகிவிடும். ஸ்ட்ரைப்பரின் வரலாற்றை வரிசையாகக் கேட்டவருக்குத் தெரியும், அவர்களுடைய மிக மெதுவான, மிக இனிப்பான ஆல்பம் வந்த அடுத்த இரண்டு வருஷத்தில்தான் வரிகளிலிருந்து வசனம் மறைந்தது, மிகக் கனமான ஆல்பங்கள் வந்தபோது அது திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் 1990-இல் வரிகள் ஏன் மாறின? களைப்பு என்பது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் அடி வாங்கியதைச் சொன்னேனே, அதில் சபைப் பக்கத்திலிருந்து வந்த அடிதான் அதிகம் வலித்திருக்கும். எங்களை ஒரு ராக் குழுவாகவாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உலகத்தைப் பார்த்துக் கேட்ட குரல் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் கேட்கிறது. அதோடு விற்பனை இறங்கிய பயமும் சேர்ந்திருக்கும். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தை எடுத்துக் குப்பையில் போட்டவர்கள், முன்னால் ஏழு வருஷம் அந்தப் பையன்களை அணைத்துக்கொண்டார்களா என்றும் கேட்க வேண்டும்.

சரி, எதில் தொடங்குவது? கிட்டார் பிடித்தவராக இருந்தால் 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்' தலைப்புப் பாட்டு, அப்புறம் 'டு ஹெல் வித் த டெவில்' முழு ஆல்பம். அதை முடித்ததும் 'ஆல்வேஸ் தேர் ஃபார் யூ' ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு உடனே 'காட் இன் த மிடில்' போடுங்கள், 1990-இல் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதியதெல்லாம் அந்த எட்டு நிமிஷத்தில் காதுக்கே தெரிந்துவிடும். வேகமும் கனமும் வேண்டும் என்றால் நேராக 'ஃபாலன்' போங்கள். ஹானஸ்ட்லி மாதிரி மெதுவான பாட்டுகள் பிடித்தவருக்கு 'அகெய்ன்ஸ்ட் த லா'விலேயே 'லேடி' இருக்கிறது. மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ராபர்ட்டின் கிக் டிரம் அதில் வராது.